45 குரோமோசோம் உள்ள செடி எப்படிப் பிழைக்கிறது? அசோலாவும் சல்வீனியாவும் கலக்குமா?

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. மாட்டுத் தீவனத்துக்காக இரண்டு இடங்களில் அசோலா வாங்கி ஒரே தொட்டியில் விட்டிருக்கிறீர்கள். சில மாதம் கழித்து, ஓரம் சிவந்து, சற்றுப் பெரிதாக, வாங்கிய இரண்டோடும் ஒத்துப்போகாத செடிகள் தெரிகின்றன. அவை தாமாகவே கலந்து புது இனம் ஆகிவிட்டனவா என்பது முதல் கேள்வி. குளத்துத் தண்ணீரோடு வந்த சல்வீனியாவும் தொட்டியில் கொஞ்சம் கிடக்கிறது. அதனோடு அசோலா கலக்குமா என்பது இரண்டாவது. சல்வீனியாவுக்கு 45 குரோமோசோம் என்று படித்திருக்கிறீர்கள்; ஜோடியாக இருக்க வேண்டியது எப்படி ஒற்றைப்படையில் வந்தது, வந்தபின் அந்தச் செடி எப்படிக் குளத்தையே மூடுகிறது என்பது மூன்றாவது.

அசோலாவும் சல்வீனியாவும் தண்ணீரில் மிதக்கும் பெரணிகள். பெரணிகளின் குரோமோசோம்களை எண்ணுவதுதான் நான் படித்த படிப்பு. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆய்வகத்திலும் வாய்க்கால் ஓரங்களிலும் அதே வேலைதான். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

சல்வீனியா பேரினத்தில் ஒரு தொகுதி என்பது 9 குரோமோசோம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும், நம் நாட்டில் காஷ்மீரத்திலும் உள்ள சல்வீனியா நேட்டன்ஸ் சாதாரண இருமடியச் செடி: தாயிடமிருந்து 9, தந்தையிடமிருந்து 9, ஆக 18. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று சொல்கிறார்களே, அந்தச் சல்வீனியா மொலெஸ்டாவில் இதே 9 ஐந்து முறை இருக்கிறது. ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து. இதை ஐம்மடியம் என்போம். உடல் செல்கள் சாதாரணமாகப் பிரியும்போது இதனால் ஒரு தொல்லையும் இல்லை. 45-ம் இரட்டிப்பாகி, இரண்டு செல்லுக்கும் 45 வீதம் போய்ச் சேர்ந்துவிடும். வேரோ தண்டோ இலையோ வளர்வதற்கு ஜோடி தேவையில்லை.

ஜோடி தேவைப்படுவது, பெரணிக்கு விதை போன்ற ஸ்போர் உண்டாகும்போதுதான். குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் அந்தக் குன்றல் பிரிவில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடிச் சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். ஐந்து தொகுதி இருந்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்தாலும் ஒரு தொகுதி இணையில்லாமல் நிற்கும். அந்தத் தொகுதிகள் வேறு வேறு இனத்திலிருந்து வந்தவை என்றால், சேர வேண்டியவையே ஒன்றையொன்று அடையாளம் காணாமல் விலகி நிற்கும். பிரியும் நேரத்தில் ஒரு பக்கம் 20 போகும், மறுபக்கம் 23 போகும், சில நடுவிலேயே தங்கிவிடும். அப்படிக் கணக்குத் தப்பிய ஸ்போர் முளைக்காது. இந்தச் செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். வேர் போலத் தொங்கும் இழைகளுக்கு நடுவே சிறு மணிகள் கோத்த சரம் மாதிரி ஸ்போர்க் காய்கள் தெரியும். ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஊசியால் பிளந்தால் உள்ளே சுருங்கிய, வெற்றான பைகள்தான் இருக்கும். காய்க்கிறது, ஆனால் விளைவதில்லை.

பஞ்சாபில் டி.எஸ். லாயலும் கிரேவாலும் இந்தியச் செடிகளைக் கொண்டு இந்த மலட்டுத்தன்மையை 1966-லேயே விளக்கமாக எழுதினார்கள். ஆனால் அப்போது அந்தச் செடிக்கு இருந்த பெயரே வேறு. உலகம் முழுவதும் அதைச் சல்வீனியா ஆரிகுலேட்டா என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவின் ஜாம்பெசி ஆற்றில் கரீபா அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டது. நான்கே ஆண்டுகளில் ஏரியில் ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டரை இந்தச் செடி மூடியது. அங்கே வேலை செய்த டி.எஸ். மிட்செல் என்ற தாவரவியலாளர் ஸ்போர்க் காய்களின் உருவத்தையும் அமைப்பையும் ஒப்பிட்டு, இது ஆரிகுலேட்டா அல்ல, தனி இனம் என்று 1972-ல் மொலெஸ்டா என்று பெயர் வைத்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் தொல்லை தருவது என்று பொருள்.

இனி இதில் எது உறுதி, எது இன்னும் முடிவாகாதது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 45 என்ற எண் உறுதி; வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பேர் எண்ணியிருக்கிறார்கள். மலடு என்பதும் உறுதி. கலப்பினம் என்பது மிகவும் வலுவான முடிவு. குரோமோசோம்களின் நீளத்தையும் உருவத்தையும் ஒப்பிட்டு, இரு இனங்கள் சேர்ந்தே இது வந்தது என்று பி.ஐ. குரியச்சன் 1979-ல் வாதிட்டார். ஆனால் பெற்றோர் யார் என்பது முடிவாகவில்லை. ஆரிகுலேட்டா கூட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருங்கிய உறவினங்கள் தென் அமெரிக்காவில் இருக்கின்றன. அவற்றில் ஆரிகுலேட்டாவுக்கு 54, அதாவது ஆறு தொகுதி. ஹெர்சோகிக்கு 63, அதாவது ஏழு தொகுதி, அதுவும் ஒற்றைப்படைதான். ஆறு தொகுதி உள்ள செடி தன் பங்காக 27 கொடுத்து, நான்கு தொகுதி உள்ள ஒன்று 18 கொடுத்தால் 45 வரும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கணக்குப் பொருந்துவதாலேயே அப்படித்தான் நடந்தது என்று சொல்லிவிடக் கூடாது. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். குன்றாத இனச்செல், அதாவது குரோமோசோம் பாதியாகக் குறையாத இனச்செல், ஒன்று சேர்ந்தாலும் ஒற்றைப்படை வரும். அதற்கு இரண்டு இனங்களே தேவையில்லை. எண் ஒரு சாட்சி. அதோடு உருவமும் டி.என்.ஏ.வும் ஒத்துச் சாட்சி சொன்னால்தான் கலப்பினம் என்று எழுதலாம்.

மலடாக இருந்தும் எப்படிக் குளத்தை மூடுகிறது? ஒவ்வொரு கணுவிலும் மிதக்கும் இலை இரண்டு, தண்ணீருக்குள் இழையாகப் பிரிந்த இலை ஒன்று, கூடவே ஒரு மொட்டு. தண்டு ஒடிந்தால் மொட்டுள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடி. சூடும் சத்தும் சரியாக அமைந்தால் மூன்று நாளுக்குள் இரட்டிப்பாகக்கூடிய செடி இது. மாடு இறங்கினாலும் படகு போனாலும் வலை இழுத்தாலும் ஒடிகிறது, ஒடிவதே பெருகுவதாகிவிடுகிறது. நிலத்தில் ஒரு கலப்பினம் மலடாகப் பிறந்தால் பெரும்பாலும் அந்தச் செடியோடு போய்விடும். தண்ணீரில் மிதக்கும் பெரணியில் அப்படி இல்லை. எப்போதோ, எங்கோ ஒருமுறை நேர்ந்த கலப்பு, ஸ்போர் வழியே அடுத்த தலைமுறைக்குப் போகவே இல்லையென்றாலும், துண்டு துண்டாகக் கண்டம் தாண்டிப் போகிறது. இலங்கைக்கு 1939-ல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவந்த செடி, சில ஆண்டுகளில் வயல்களிலும் நீர்நிலைகளிலும் பரவியது. ஸ்போர் ஒன்றுகூட முளைக்க வேண்டியிருக்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆரிகுலேட்டா என்று நம்பிய காலத்தில், அதைத் தின்னும் பூச்சியைத் தேடி டிரினிடாட், கயானா பக்கம் போனார்கள். அங்கே ஆரிகுலேட்டா மேல் வாழ்ந்த கூன்வண்டைக் கொண்டுவந்து பல நாடுகளில் விட்டும் பெரிதாகப் பலன் இல்லை. மொலெஸ்டா தனி இனம் என்று தெளிவான பிறகுதான் அதன் சொந்த ஊரைத் தேடி, 1970களின் இறுதியில் தென்கிழக்குப் பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அதன் மேல் இருந்த கூன்வண்டு, பார்வைக்கு முந்தையது போலவே இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் நீளம், கறுப்பு. 1980-ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரி திறந்துவிட்டது. பிறகு பார்த்தால் அந்த வண்டும் தனி இனம். இப்போது அதன் பெயர் சிர்டோபாகஸ் சல்வீனியே. 1980களில் பெங்களூரிலும் கேரளத்திலும் பப்புவா நியூ கினியின் செபிக் ஆற்றிலும் இலங்கையிலும் வேலை செய்தது இதே வண்டுதான். செடியின் அடையாளம் தவறியதால் வண்டும் தவறியது. அதற்குள் பல ஆண்டுகள் போய்விட்டன. குரோமோசோம் எண்ணுவது யாருக்கு உதவும் என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, அசோலாவுக்கு வருவோம். இங்கே அடிப்படைத் தொகுதி 22. பெரும்பாலான இனங்களுக்கு 44. ஆப்பிரிக்காவின் நைல் பகுதியில் உள்ள அசோலா நிலோட்டிகாவுக்கு மட்டும் 52. பழைய நூல்களில் 48 என்றும் வேறு எண்களும் பார்ப்பீர்கள். 1990-ல் ஸ்டெர்ஜியானூவும் ஃபவுலரும் பல நாட்டுச் செடிகளை வைத்து முறையாக எண்ணி, 44-ம் 52-ம்தான் என்று காட்டினார்கள். கூடவே சில செடிகளில் 66 இருப்பதையும், அதாவது மும்மடியங்களையும், ஒன்றில் நான்கு மடியத்தையும் கண்டார்கள்.

முன்பு ஏன் அவ்வளவு குழப்பம் என்றால், எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அசோலாவின் வேர் நுனி ஊசிமுனை அளவுதான். விடிந்து கொஞ்ச நேரத்தில் எடுத்து, செல் பிரிவை நிறுத்தும் மருந்தில் சில மணி நேரம் வைத்து, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்ததில் போட்டு, அமிலத்தில் இளக்கி, சாயமேற்றி, கண்ணாடி வில்லையைக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். கொஞ்சம் கூட அழுத்தினால் செல் உடைந்து குரோமோசோம்கள் பக்கத்துச் செல்லோடு கலக்கும். குறைவாக அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் பார்த்தாலும் அவை எள்ளைப் பொடித்துத் தூவியது போலத்தான் தெரியும். ஒரே செல்லை மூன்று முறை எண்ணினால் 43, 44, 46 என்று வரும். அதனால்தான் குறைந்தது பத்துப் பதினைந்து நல்ல செல்களை எண்ணி, படம் வரைந்து, வேறொருவரையும் எண்ணச் சொல்வோம். சல்வீனியாவில் சிரமம் இன்னொரு விதம்: அதற்கு வேரே கிடையாது. வேர் போலத் தெரிவது மாறிய இலை. ஆகவே தண்டின் நுனி மொட்டைத்தான் எடுக்க வேண்டும். அதை மூடியிருக்கும் மயிர்களை நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாக விலக்குவதற்கே அரை மணி நேரம் போகும்.

அசோலா கலக்குமா? கலக்கும், ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் அல்ல. இந்தப் பேரினத்தில் இரண்டு பிரிவுகள். ஃபிலிகுலாய்டஸ், மைக்ரோஃபில்லா, மெக்சிகானா, கரோலினியானா போன்றவை ஒரு பிரிவு. நம் நாட்டில் இயல்பாகவே வளரும் பின்னேட்டாவும் நிலோட்டிகாவும் மற்றொரு பிரிவு. அசோலாவில் பெரிய ஸ்போர் தாய், சிறிய ஸ்போர்கள் தந்தை. முதல் பிரிவில் சிறிய ஸ்போர்கள் ஒரு நுரைப்பஞ்சு உருண்டைக்குள் பொதிந்திருக்கும். அந்த உருண்டை முழுவதும் நங்கூரம் போன்ற கொக்கிகள். தண்ணீரில் மிதந்து போய்ப் பெரிய ஸ்போரின் மேல் மாட்டிக்கொள்ளும். அங்கே பெரிய ஸ்போருக்கு மிதவை மூன்று. பின்னேட்டா பிரிவில் மிதவை ஒன்பது, நங்கூரக் கொக்கி கிடையாது. பூட்டும் சாவியும் வேறு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பிரிவுக்குள் மனிதர்கள் கலப்பு செய்து காட்டியிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் டோ வான் காட், இவாவோ வதனாபே ஆகியோரின் குழு இதைச் செய்தது, சீனத்திலும் செய்தார்கள். சூடு தாங்கும் மைக்ரோஃபில்லாவைத் தாயாகவும், குளிர் தாங்கும் ஃபிலிகுலாய்டஸைத் தந்தையாகவும் வைத்து, இரண்டின் குணமும் சேர்ந்த செடியை உருவாக்குவதே நோக்கம். நெல் வயலுக்குத் தழைச்சத்து தர அப்படி ஒரு செடி வேண்டும் என்ற தேவை அப்போது பெரிதாக இருந்தது. நம் பக்கத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எஸ். கண்ணையன் அசோலாவை வயலுக்குக் கொண்டுபோகும் வேலையில் பல ஆண்டுகள் ஈடுபட்டார்.

இந்தக் கலப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அசோலா தழைச்சத்து தருவது அதன் இலைக் குழியில் வாழும் நீலப்பச்சைப் பாசியால். அந்தப் பாசி வெளியிலிருந்து ஒவ்வொரு தலைமுறையிலும் வந்து ஒட்டுவதில்லை. பெரிய ஸ்போரின் தலையில் ஒரு சிறு தொப்பி இருக்கிறது. அதன் கீழே பாசியின் ஒரு சிறு கூட்டம் உறங்கிக் கிடக்கும். குஞ்சுச் செடி முளைத்துத் தொப்பியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்போது அந்தப் பாசியும் கூடவே ஏறிக்கொள்கிறது. சிறிய ஸ்போர் பாசியைக் கொண்டுவருவதில்லை. ஆகவே கலப்பினம் எதுவானாலும் குரோமோசோம் தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி. பாசி மட்டும் முழுக்கத் தாய் வீட்டுச் சீதனம். யாரைத் தாயாக வைக்கிறோம் என்பது இதனால் மிக முக்கியமாகிறது.

மனிதர் செய்தது போக, இயற்கையில் அசோலாக் கலப்பினங்கள் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க இனங்களின் எல்லைக் கோடுகளே சர்ச்சைக்குரியவை. மைக்ரோஃபில்லாவும் மெக்சிகானாவும் ஒன்றே என்பவர்கள் உண்டு. இனத்தின் எல்லையே தெளிவில்லாத இடத்தில் கலப்பினம் எது என்று சொல்வது சிரமம். 66 உள்ள மும்மடியங்கள் இயற்கையில் இருப்பது உறுதி, பின்னேட்டாவிலும் இருக்கின்றன. ஆனால் ஒரே இனத்துக்குள் குன்றாத இனச்செல் ஒன்று சேர்ந்தாலே 66 வந்துவிடும் என்பதால், அவை எல்லாவற்றையும் கலப்பினம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சல்வீனியாவுக்குச் சொன்ன எச்சரிக்கைதான் இங்கேயும்.

இப்போது உங்கள் தொட்டி. நீங்கள் இணைத்த படத்தை வைத்துக் கலப்பு என்றோ இல்லையென்றோ யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சிவப்பு நிறத்தைச் சாட்சியாக எடுக்க வேண்டாம். கடும் வெயில், பனிக்காலக் குளிர், மணிச்சத்துக் குறைவு இதில் எது வந்தாலும் அசோலா சிவக்கும். சாணக் கரைசலோடு கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டு, மேலே நிழல்வலை கட்டி இரண்டு வாரம் பாருங்கள். பச்சைக்குத் திரும்பினால் அது சத்துக்குறையோ வெயிலோதான். உருவம் பெரிதானதும் அப்படியே. இடம் நெருங்கிவிட்டால் சில அசோலா இனங்கள் படுத்திருப்பதை விட்டு நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிமனாகிவிடும். சல்வீனியாவிலும், நெருக்கமில்லாதபோது தட்டையாக மிதக்கும் இலை, நெருங்கினால் நடுவில் மடிந்து நிமிர்கிறது. ஒரே செடியின் இரண்டு துண்டுகளை வேறு இனம் என்று பிரித்து எழுதிய பழைய தாள்களை, உலர்த்திய செடிகளைச் சேமிக்கும் அலமாரிகளில் பார்த்திருக்கிறேன்.

வாங்கிய இரண்டும் என்னென்ன என்று முதலில் பாருங்கள். செடி முக்கோணமாக, பறவை இறகு போல் கிளைத்து, வேரில் மெல்லிய தூவி அடர்ந்திருந்தால் அது பின்னேட்டா. வட்டமாக, இரண்டிரண்டாகப் பிரிந்து கிளைத்திருந்தால் மற்றப் பிரிவு. நம் ஊரில் தீவனத்துக்குக் கொடுப்பது பெரும்பாலும் மைக்ரோஃபில்லா. ஒன்று பின்னேட்டா, மற்றது மைக்ரோஃபில்லா என்றால் இரண்டும் வேறு பிரிவு. தொட்டியில் தாமாகக் கலக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. இரண்டும் ஒரே பிரிவு என்றால் வாய்ப்பை மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கும் இரண்டும் ஒரே நேரத்தில் ஸ்போர்க் காய் விட்டிருக்க வேண்டும். செடியைக் கவிழ்த்து, கிளை தொடங்கும் இடத்தில் பாருங்கள். கடுகில் பாதி அளவில் மங்கிய வெள்ளை உருண்டைகள் இருந்தால் அவைதான் சிறிய ஸ்போர்களின் காய்கள். இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட அவற்றைப் பார்த்ததில்லை என்றால், தொட்டியில் உள்ள எல்லாமே நீங்கள் விட்ட செடிகளின் துண்டுகள்தான்.

சல்வீனியாவோடு கலக்குமா என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லலாம்: கலக்காது. இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மை. ஆனால் அவை பிரிந்தது டைனோசர்கள் உலவிய காலத்தில். 2018-ல் அசோலா ஃபிலிகுலாய்டஸ், சல்வீனியா குக்குலேட்டா இரண்டின் மரபணுத் தொகுதியையும் முழுமையாகப் படித்தார்கள். அசோலாவின் வழியில் மட்டும் தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டிப்பாகியிருப்பது அதில் தெரிந்தது. அடிப்படைக் குரோமோசோம் எண் ஒன்றில் 22, மற்றதில் 9. மரபணுத் தொகுதியின் அளவிலும் அசோலாவுடையது ஏறத்தாழ மூன்று மடங்கு. போதாததற்கு உங்கள் குளத்துச் செடி மொலெஸ்டாவாக இருந்தால் அதற்கு முளைக்கும் ஸ்போரே இல்லை. அதன் இலை மேல் உள்ள மயிரைக் கை லென்ஸில் பாருங்கள். நான்கு கிளையாகப் பிரிந்து நுனியில் மறுபடி ஒன்றுசேர்ந்து, முட்டை அடிக்கும் கரண்டி போல இருந்தால் மொலெஸ்டாவும் அடங்கிய ஆரிகுலேட்டா கூட்டம்தான்.

கலப்புக்குப் பயப்பட வேண்டாம் என்றாலும், அந்தச் சல்வீனியாவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அசோலாவுக்கு வேண்டிய வெளிச்சத்தையும் சத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். கையால் பொறுக்கும்போது ஒடியாமல், கணு ஒன்றுகூடத் தங்காமல் எடுக்க வேண்டும். எடுத்ததை வாய்க்காலில் வீசாமல் தார்ப்பாயில் போட்டு, சருகாகும்வரை வெயிலில் காயவிடுங்கள். சந்தேகம் உள்ள அசோலாவில் ஒரே ஒரு செடியை எடுத்துத் தனிப் பிளாஸ்டிக் டப்பில் விடுங்கள். வாங்கிய இரண்டிலும் ஒவ்வொன்றை வேறு இரண்டு டப்பில், அதே தண்ணீர், அதே சாணம், அதே நிழலில் வையுங்கள். நாற்பது நாள் கழித்து மூன்றையும் மேலிருந்து ஒன்றும் கவிழ்த்து ஒன்றுமாகப் படமெடுத்து இங்கேயே போடுங்கள். சந்தேகச் செடி உள்ள டப்பு மற்ற இரண்டிலிருந்தும் அப்போதும் வேறுபட்டு நின்றால், வேர் நுனியை எப்படி எடுத்து அனுப்புவது என்று எழுதுகிறேன்.